தடையற்ற வணிகம் எல்லோருக்கும் நல்லது என்றால், இத்தனை கோபம் எதற்கு?

கேள்வி இதுதான்: பொருளாதார அறிஞர்கள் ஏறக்குறைய ஒரே குரலில் தடையற்ற வணிகம் எல்லா நாடுகளுக்கும் நன்மை என்கிறார்கள். ஆனால் உலகமயமாக்கலால் வாழ்விழந்தோம் என்று சொல்பவர்கள் பணக்கார நாடுகளிலும் இருக்கிறார்கள், ஏழை நாடுகளிலும் இருக்கிறார்கள். யார் சொல்வது பொய்? இறக்குமதி வரியை உயர்த்திவிட்டால் சரியாகிவிடுமா?

இரு தரப்பும் பொய் சொல்லவில்லை. ஒரு தரப்பு நாட்டின் மொத்த வருமானத்தைப் பற்றிப் பேசுகிறது. மறு தரப்பு தன் வீட்டு வருமானத்தைப் பற்றிப் பேசுகிறது. மொத்தம் கூடும்போதே பலருடைய பங்கு குறையலாம் என்பதைக் கோட்பாட்டின் எதிரிகள் கண்டுபிடிக்கவில்லை. கோட்பாட்டை உருவாக்கியவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். மேடையேறும்போது அந்தப் பகுதியை மட்டும் விட்டுவிடுவது வழக்கமாகிப் போனது.

முதலில் நன்மை என்று சொல்லப்படுவது என்ன என்று பார்த்துவிடலாம். 1817-இல் ஆங்கிலப் பொருளாதார அறிஞர் டேவிட் ரிக்கார்டோ கொடுத்த கணக்கு இன்றும் அசைக்க முடியாதது. இங்கிலாந்தில் ஒரு குறிப்பிட்ட அளவு துணி நெய்ய ஓராண்டுக்கு 100 பேர் வேண்டும். அதற்கு ஈடான ஒயின் தயாரிக்க 120 பேர் வேண்டும். போர்ச்சுகலில் அதே துணிக்கு 90 பேர், ஒயினுக்கு 80 பேர் போதும். இரண்டிலுமே போர்ச்சுகல்தான் திறமைசாலி. அப்படியானால் இங்கிலாந்திடம் அது எதையும் வாங்க வேண்டியதில்லை என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் தனித்தனியே இயங்கினால் இரண்டு நாடுகளும் சேர்ந்து 390 பேரின் உழைப்பைச் செலவிட வேண்டும். இங்கிலாந்து துணியை மட்டும் நெய்து, போர்ச்சுகல் ஒயினை மட்டும் தயாரித்து மாற்றிக்கொண்டால் 360 பேர் போதும். முப்பது பேரின் ஓராண்டு உழைப்பு மிச்சம். எல்லாவற்றிலும் பின்தங்கிய நாட்டுக்கும் வணிகத்தில் ஓர் இடம் உண்டு என்பதே ஒப்பீட்டு நன்மை என்ற இந்தக் கருத்தின் சாரம். சமூக அறிவியலில் உண்மையாகவும் இருந்து, அற்பமாகவும் இல்லாத ஒரே ஒரு கூற்றைக் காட்டுங்கள் என்று கணித அறிஞர் ஸ்டானிஸ்லாவ் உலாம் சவால் விட்டபோது, பொருளாதார அறிஞர் பால் சாமுவேல்சன் பல ஆண்டுகள் யோசித்து இதைத்தான் காட்டினார்.

ஒரு சிறு இடைச்செருகல். இந்த உதாரணத்தில் வரும் துணியும் ஒயினும் உண்மையில் தடையற்ற வணிகத்தால் கைமாறியவை அல்ல. 1703-இல் கையெழுத்தான மெத்யூன் ஒப்பந்தப்படி இங்கிலாந்தின் கம்பளித் துணிக்குப் போர்ச்சுகல் கதவைத் திறந்தது. பதிலுக்குப் பிரெஞ்சு ஒயினைவிட மூன்றில் ஒரு பங்கு குறைந்த வரியில் போர்ச்சுகல் ஒயின் இங்கிலாந்துக்குள் வந்தது. சலுகை ஒப்பந்தம் ஒன்றில் முளைத்த வணிகமே தடையற்ற வணிகத்தின் பாடநூல் உதாரணமாகிவிட்டது.

ரிக்கார்டோவின் கணக்குக்கு நிபந்தனைகள் உண்டு. மூலதனம் நாடு விட்டு நாடு போகாது என்பது அவற்றில் முக்கியமானது. முதலாளிகள் குறைந்த லாபமானாலும் சொந்த நாட்டிலேயே திருப்தியடைவார்கள், அந்த உணர்வு பலவீனப்பட்டால் தான் வருந்துவேன் என்று அவரே எழுதினார். இன்னொரு நிபந்தனை வெளிப்படையாகச் சொல்லப்படாதது: ஒயின் வேலையை இழந்த ஆங்கிலேயத் தொழிலாளி மறுநாளே தறியில் உட்கார்ந்துவிடுவார். காகிதத்தில் அது ஒரு கோடு நகர்வது. வாழ்க்கையில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் வீட்டை விற்று, ஊர் மாறி, புதுத் தொழில் கற்பது.

நன்மையின் அளவு எவ்வளவு? இதற்கு வரலாறு ஓர் அரிய சோதனையைத் தந்திருக்கிறது. இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக வெளி வணிகத்தை ஏறத்தாழ முற்றாக அடைத்து வைத்திருந்த ஜப்பான், 1859-இல் துறைமுகங்களைத் திறந்தது. அதன் விலைப் பதிவுகளை வைத்து பெர்ன்ஹோஃபென், பிரவுன் என்ற இரு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். திறந்ததால் கிடைத்த ஆதாயம் அன்றைய தேசிய வருமானத்தில் அதிகபட்சம் 8 அல்லது 9 சதவீதம். இது சிறிய தொகை இல்லை. ஆனால் பூட்டிக் கிடந்த நாடு முழுவதுமாகத் திறந்ததற்கே இவ்வளவுதான் என்றால், ஏற்கெனவே திறந்திருக்கும் நாடு மீதமுள்ள சில வரிகளை நீக்கும்போது கிடைக்கும் கூடுதல் ஆதாயம் மிகச் சிறியதாகவே இருக்கும். இழப்போ அப்படிச் சுருங்குவதில்லை. மீதமிருக்கும் வரிகள் பெரும்பாலும் கூலி குறைந்த, இடம் பெயர முடியாத தொழிலாளர்கள் நிறைந்த துறைகளைக் காத்து நிற்பவை. ஹார்வர்டு பேராசிரியர் டானி ரோட்ரிக் 1990-களிலிருந்து சொல்லிவருவது இதைத்தான்: தடைகள் குறையக் குறைய, கிடைக்கும் ஒவ்வொரு டாலர் ஆதாயத்துக்கும் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாறும் டாலர்கள் கூடிக்கொண்டே போகின்றன.

யாருடைய பையிலிருந்து? 1941-இல் வுல்ஃப்காங் ஸ்டோல்பரும் சாமுவேல்சனும் இதற்குக் கணிதமாகவே பதில் எழுதினார்கள். மூலதனமும் படித்தவர்களும் மிகுந்த ஒரு நாடு, உழைப்பு மலிந்த நாட்டுடன் வணிகத்தைத் திறந்தால், முதல் நாட்டின் சாதாரணத் தொழிலாளியின் உண்மைக் கூலி குறையும். மற்றவர்களை ஒப்பிட்டால் குறைவு என்பதல்ல பொருள். மலிவான இறக்குமதிப் பொருளால் கிடைக்கும் சேமிப்பைக் கழித்த பிறகும் அவர் முன்பிருந்ததைவிடக் கீழே நிற்பார். இவர் நாம் முன்பு பார்த்த அதே சாமுவேல்சன், ஒப்பீட்டு நன்மைக்குச் சான்றிதழ் கொடுத்தவர்தான்.

அப்படியிருந்தும் அறிஞர்கள் ஏன் ஒரே குரலில் ஆதரித்தார்கள்? 1939-இல் நிக்கோலஸ் கால்டோரும் ஜான் ஹிக்ஸும் ஒரு வழி சொன்னார்கள். ஒரு மாற்றத்தால் வென்றவர்கள், தோற்றவர்களின் இழப்பை ஈடுகட்டிய பிறகும் அவர்கள் கையில் மிச்சம் இருக்குமானால் அந்த மாற்றம் நல்லது. கவனிக்க வேண்டிய இடம் இது: ஈடு கொடுக்க முடிந்தால் போதும், உண்மையில் கொடுத்தாக வேண்டும் என்பதில்லை. கொடுப்பதா வேண்டாமா என்பது அரசியல், அது எங்கள் வேலையில்லை என்று பொருளாதாரத் துறை கையைக் கழுவிக்கொண்டது. தடையற்ற வணிகம் பற்றிய விவாதம் முழுவதும் இந்த ஒரு இடத்தில்தான் சிக்கியிருக்கிறது என்பது என் கருத்து.

ஈடு கொடுக்கப்பட்டதா என்று பார்ப்போம். வணிகத்தால் வேலை இழப்பவர்களுக்கு உதவும் திட்டத்தை அமெரிக்கா 1962-இல் கென்னடி காலத்தில் சட்டமாக்கியது. வரியைக் குறைக்கத் தொழிற்சங்கங்களின் சம்மதத்தைப் பெறுவதற்கான விலை அது. முதல் ஏழு ஆண்டுகளில் ஒரு தொழிலாளர் குழுவின் விண்ணப்பம்கூட ஏற்கப்படவில்லை. தகுதி விதிகள் அத்தனை இறுக்கம். பிறகு தளர்த்தினார்கள், மீண்டும் சுருக்கினார்கள். 2022-இன் நடுவில் திட்டத்தின் அனுமதியே காலாவதியானது. வரிக் குறைப்பு நிரந்தரமாக இருந்தது. ஈடுதான் தவணைக்குத் தவணை புதுப்பிக்க வேண்டியதாக இருந்தது.

இதன் விளைவை அளந்தவர்கள் டேவிட் ஆட்டர், டேவிட் டோர்ன், கார்டன் ஹான்சன் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள். 2001 டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. மரச்சாமான், உடை, பொம்மை, மின்னணுப் பொருள் என்று சீன இறக்குமதி குவிந்த அமெரிக்க ஊர்களை, அவ்வளவு போட்டியைச் சந்திக்காத ஊர்களோடு இவர்கள் ஒப்பிட்டார்கள். 1999 முதல் 2011 வரை சீனப் போட்டியால் இல்லாமல் போன வேலைகள் 20 லட்சம் முதல் 24 லட்சம் வரை என்று இவர்கள் குழுவின் பின்னாளைய ஆய்வு மதிப்பிட்டது. பதின்மூன்று கோடி வேலைகள் கொண்ட பொருளாதாரத்தில் அது பெரிய எண் அல்ல என்று சிலர் சொன்னார்கள். எண் முக்கியமில்லை, அது விழுந்த இடம்தான் முக்கியம். மழை நாடு முழுவதும் பரவலாகப் பெய்வதற்கும் ஒரே ஏரியின் கரையை உடைப்பதற்கும் உள்ள வேறுபாடு அது. வேலை இழந்தவர்கள் வேறு ஊருக்குப் போவார்கள் என்று கோட்பாடு சொன்னது, பெரும்பாலோர் போகவில்லை. ஊதியம் குறைந்தது, திருமணங்கள் குறைந்தன. உடல் ஊனத்துக்கான அரசு உதவித்தொகை பெறுவோர் கூடினார்கள். வணிக இழப்பீட்டுத் திட்டத்தின் வழி அந்த ஊர்களுக்குக் கூடுதலாக வந்த பணம், ஊன உதவித்தொகை வழி வந்ததில் ஒரு சிறு துளி. 2019 வரை நீட்டித்துப் பார்த்தபோதும் அந்த ஊர்கள் மீளவில்லை.

எல்லாவற்றுக்கும் சீனாவே காரணம் என்று இதைப் படிக்கக் கூடாது. அமெரிக்கத் தொழிற்சாலை வேலைகளின் உச்சம் 1979, ஏறத்தாழ ஒரு கோடியே 95 லட்சம். அதன்பின் வந்த சரிவில் இயந்திரமயமாக்கலுக்கும், மக்கள் பொருளைவிடச் சேவைகளுக்கு அதிகம் செலவிடத் தொடங்கியதற்கும் பெரிய பங்கு உண்டு. இயந்திரத்தைத் திட்ட முடியாது, வெளிநாட்டைத் திட்டலாம் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மறுபக்கம் சீனாவிலும் வியட்நாமிலும் என்ன நடந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. உலக வங்கியின் அன்றைய அளவுகோலான நாளொன்றுக்கு 1.90 டாலர் கணக்குப்படி, 1990-இல் உலக மக்களில் 36 சதவீதத்தினர் கடும் வறுமையில் இருந்தார்கள். 2015-இல் அது 10 சதவீதம். குறைந்ததில் பெரும்பங்கு சீனாவுடையது. ஏற்றுமதிச் சந்தை இல்லாமல் அந்த வேகம் சாத்தியமாகியிருக்காது. உலகமயமாக்கல் ஏழைகளைச் சுரண்டியது என்று ஒரே மூச்சில் சொல்பவர்கள் இந்த எண்ணுக்கு முன்னால் சற்று நிற்க வேண்டும்.

ஆனால் ஏழை நாட்டுக்குள்ளும் அதே சிக்கல் உண்டு. 1991-க்குப் பிறகு இந்தியா வரிகளைச் சரசரவெனக் குறைத்ததைப் பொருளாதார ஆய்வாளர் பெட்டியா டோபலோவா மாவட்டவாரியாக ஆராய்ந்தார். நாடெங்கும் வறுமை குறைந்தது. ஆனால் வரிக் குறைப்பு அதிகம் தாக்கிய ஊரக மாவட்டங்களில் மற்ற இடங்களைவிட மெதுவாகக் குறைந்தது. அங்கும் மக்கள் வேலை தேடி எளிதில் இடம் பெயரவில்லை.

மேலும், தடையற்ற வணிகத்தால் வளர்ந்தவை என்று காட்டப்படும் நாடுகளின் வரலாறு அந்தப் படத்துக்குள் அடங்குவதில்லை. தானிய இறக்குமதிக்கு வரி விதித்த தன் தானியச் சட்டங்களை இங்கிலாந்து நீக்கியது 1846-இல், ஆலைகளில் உலகை வென்ற பிறகு. அமெரிக்காவின் முதல் நிதிச் செயலர் அலெக்சாண்டர் ஹாமில்டன் 1791-லேயே இளம் தொழில்களுக்கு அரசு ஆதரவு வேண்டும் என்று அறிக்கை கொடுத்தார். உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய பல பத்தாண்டுகளுக்கு வரி விதிக்கப்பட்ட இறக்குமதிகள் மீது அந்த நாடு வசூலித்த சராசரி வரி 40 சதவீதத்துக்கும் மேல். உச்சிக்கு ஏறியவர் பிறர் ஏறாதபடி ஏணியை உதைத்துத் தள்ளுகிறார் என்று 1841-இல் ஜெர்மானியரான ஃபிரெட்ரிக் லிஸ்ட் இங்கிலாந்தைக் குத்திக் காட்டினார். தென்கொரியா உருக்காலை கட்டக் கடன் கேட்டபோது உனக்கு இது ஒத்துவராது என்ற தொனியில் உலக வங்கி கைவிரித்தது. ஜப்பான் கொடுத்த காலனி ஆட்சிக்கால இழப்பீட்டுப் பணத்தை வைத்து 1973-இல் போஹாங் ஆலையில் உருக்கு வார்த்தார்கள். பின்னாளில் உலகின் திறமையான உருக்கு நிறுவனங்களில் ஒன்றாக அது வளர்ந்தது.

அப்படியானால் பாதுகாப்பு வரிதான் வளர்ச்சிக்கு வழியா என்றால், பிரேசிலைப் பாருங்கள். 1984-இல் சட்டமியற்றிக் கணினிச் சந்தையை உள்நாட்டு நிறுவனங்களுக்கென்றே ஒதுக்கியது. கிடைத்தவை பழைய தொழில்நுட்பம், அதிக விலை, எல்லை வழியே கடத்தல் கணினிகள். கொரியாவில் மலிவுக் கடன் வாங்கிய நிறுவனம் ஏற்றுமதி இலக்கை எட்டியாக வேண்டும். எட்டாதவர்களுக்குக் கடன் நின்றது. உலகச் சந்தையின் தேர்வில் வெல்ல வேண்டும் என்ற கெடுவோடு வந்த பாதுகாப்பு அது. பிரேசிலின் கணினி நிறுவனங்களுக்கு அப்படியொரு தேர்வே இல்லை. பாதுகாப்பைக் கொடுப்பது எல்லா அரசுக்கும் எளிது. அதைத் திரும்பப் பெறும் தெம்பு சில அரசுகளுக்கே இருந்தது.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். உலகமயமாக்கல் என்ற ஒரே கூடைக்குள் பொருள் வணிகம், பண ஓட்டம், காப்புரிமை எல்லாவற்றையும் போட்டுவிட்டார்கள். ரிக்கார்டோவின் கணக்கு முதலாவதை மட்டுமே ஆதரிக்கிறது. தடையற்ற வணிகத்தின் தீவிர ஆதரவாளரான ஜகதீஷ் பகவதியே 1998-இல், ஆசிய நிதி நெருக்கடியின் நடுவில், பண்டங்களின் வணிகத்துக்குச் சொல்லும் வாதத்தை டாலர்களின் ஓட்டத்துக்கு நீட்டக் கூடாது என்று கடுமையாக எழுதினார். குறுகிய காலக் கடன் கூட்டமாக நுழைந்து கூட்டமாக ஓடியதில் தாய்லாந்து 1997 ஜூலை 2 அன்று தன் நாணயத்தின் நிலையான மாற்று விகிதத்தைக் கைவிட நேர்ந்தது. மற்ற நாடுகள் தொடர்ந்து சரிந்தன. மூலதனக் கட்டுப்பாடுகளுக்கும் இடமுண்டு என்று பன்னாட்டு நிதியம் அதிகாரபூர்வமாக ஒப்புக்கொண்டது 2012-இல்தான்.

காப்புரிமையின் கதை இன்னும் விசித்திரம். காப்புரிமை என்பது தன்னளவில் ஒரு தனியுரிமை, அதாவது போட்டிக்குத் தடை. உலக வர்த்தக அமைப்பு 1995-இல் பிறந்தபோது எல்லா உறுப்பு நாடுகளும் இருபது ஆண்டுக் காப்புரிமை தர வேண்டும் என்ற விதியும் உடன் பிறந்தது. எச்ஐவி நோயாளி ஒருவருக்கான கூட்டு மருந்து ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் விற்ற காலத்தில், 2001-இல் இந்தியாவின் சிப்லா நிறுவனம் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு அதையே 350 டாலருக்குத் தர முன்வந்தது. அந்த விதியை நடைமுறைப்படுத்த அவகாசம் பெற்றிருந்த இந்தியாவில் மருந்துப் பொருளுக்கான காப்புரிமை அப்போது இல்லாததே அதற்கு வழிவிட்டது. அதே ஆண்டு தோஹாவில் பொதுச் சுகாதாரத்துக்கு முன்னுரிமை தரும் பிரகடனம் வந்தது, போராடிப் பெற்றது. ஒப்பந்தம் என்றாலே தடை நீக்கம் என்று நம்புபவர்களுக்கு இந்த உதாரணம் போதும்.

பணக்கார நாடுகள் போதித்ததைக் கடைப்பிடித்தனவா? ஏழை நாடுகள் திறமையாகச் செய்யக்கூடிய முதல் தொழில் துணியும் ஆடையும். அதற்கு 1974 முதல் 2004 இறுதி வரை இறக்குமதி அளவுக்கு வரம்பு வைக்கும் கோட்டா முறை இருந்தது. பத்தாண்டுகளில் படிப்படியாக நீக்குவதாக ஒப்புக்கொண்டு, ஏறக்குறைய பாதியைக் கடைசி நாள் வரை வைத்திருந்தார்கள். அமெரிக்கப் பருத்தி மானியத்துக்கு எதிராகப் பிரேசில் வழக்குத் தொடுத்து வென்றது. அமெரிக்கா மானியத்தை ஒழிப்பதற்குப் பதிலாக, பிரேசில் பருத்தி விவசாயிகளுக்கும் ஆண்டுக்கு 14 கோடியே 73 லட்சம் டாலர் கொடுக்க 2010-இல் ஒப்புக்கொண்டது. தன் விவசாயிக்கு மானியம் கொடுப்பதை நிறுத்தாமலிருக்க அடுத்த நாட்டு விவசாயிக்கும் பணம் கொடுத்த இந்த ஏற்பாட்டை எந்தப் பாடநூலில் சேர்ப்பது?

இனி உங்கள் கடைசிக் கேள்வி: இறக்குமதி வரியை உயர்த்தினால் சரியாகுமா? பெரும்பாலும் ஆகாது. 2018-இல் அமெரிக்கா சலவை இயந்திரங்கள் மீது வரி போட்டது. அவற்றின் விலை சுமார் 12 சதவீதம் ஏறியது. வரியே போடாத துணி உலர்த்தும் இயந்திரத்தின் விலையும் அதே அளவு ஏறியது, இரண்டையும் மக்கள் சோடியாக வாங்குவதால். சுமார் 1,800 வேலைகள் உருவாகின. வசூலான வரியைக் கழித்த பிறகும் ஒவ்வொரு வேலைக்கும் நுகர்வோர் கொடுத்த விலை ஆண்டுக்கு 8 லட்சத்து 17 ஆயிரம் டாலர் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். இழந்த ஊருக்கு அந்த வேலைகள் திரும்புவதும் இல்லை. புது ஆலை புது ஊரில், அதிக இயந்திரங்களுடன் வருகிறது.

வரி ஒருமுறை வந்தால் போகாது என்பது அடுத்த சிக்கல். ஐரோப்பா அமெரிக்கக் கோழிக்கறிக்கு வரி விதித்ததற்குப் பழிவாங்க, அமெரிக்கா 1964-இல் உருளைக்கிழங்கு மாவு, டெக்ஸ்ட்ரின், பிராந்தி, இலகுரக லாரி ஆகியவற்றுக்கு வரி போட்டது; லாரிக்கு 25 சதவீதம். கோழிச் சண்டை எப்போதோ முடிந்துவிட்டது. லாரி வரி அறுபது ஆண்டுகளைத் தாண்டி இருந்துவருகிறது. அதிலிருந்து தப்ப ஒரு பெரிய நிறுவனம் துருக்கியிலிருந்து சரக்கு வேன்களைப் பின்னிருக்கையும் ஜன்னலும் பொருத்திப் பயணிகள் வாகனமாக இறக்கி, துறைமுகம் தாண்டியதும் இருக்கைகளைக் கழற்றி எறிந்தது. இப்படிப்பட்ட வேலைவாய்ப்பையும் வரி உருவாக்கத்தான் செய்கிறது.

வர்த்தகப் பற்றாக்குறையைக் காட்டி வரி கேட்பவர்களுக்கு ஒரு சொல். ஒரு நாட்டின் மொத்தப் பற்றாக்குறை, அது சேமிப்பதைவிட அதிகம் முதலீடு செய்வதன் மறுபெயர். ஒரு நாட்டுச் சரக்குக்கு வரி போட்டால் பற்றாக்குறை அடுத்த நாட்டுக்கு இடம் மாறும். 2018-க்குப் பிறகு அமெரிக்காவுக்குச் சீனாவுடன் குறைந்தது வியட்நாமுடனும் மெக்சிகோவுடனும் கூடியது. இருநாட்டுக் கணக்கே ஏமாற்றக்கூடியது: 2009-இல் சீனாவிலிருந்து 179 டாலர் மதிப்பில் ஏற்றுமதியான ஐபோனில், சீனத் தொழிலாளர்கள் கோத்து முடித்ததற்கான பங்கு ஆறரை டாலர் மட்டுமே. மீதி ஜப்பான், ஜெர்மனி, கொரியா, அமெரிக்கப் பாகங்கள். 2025 ஏப்ரலில் அமெரிக்கா பற்றாக்குறையை இறக்குமதியால் வகுத்து, பாதியாக்கி, பல நாடுகளுக்கும் தனித்தனி வரி விகிதம் அறிவித்தபோது இதெல்லாம் காற்றில் போனது.

வரிக்கு நியாயமே இல்லை என்று சொல்லவில்லை. செல்வத்தைவிடப் பாதுகாப்பு முக்கியம் என்று ஆடம் ஸ்மித்தே எழுதினார். ஒரே நாட்டின் கணினிச் சில்லுகளை நம்பி உலகம் இருப்பது அந்த வகைக் கவலைதான். இறக்குமதி திடீரெனக் குவிந்தால் தற்காலிகமாகத் தடுத்து மூச்சுவிட அவகாசம் தரும் விதி உலக வர்த்தக அமைப்புக்கு முன்னோடியான 1947-இன் காட் (GATT) ஒப்பந்தத்திலேயே உண்டு. சீனா சேர்ந்த முதல் பத்தாண்டில் அதையும், சீனாவுக்கென்றே எழுதப்பட்ட கூடுதல் விதியையும் அமெரிக்கா மிக அரிதாகவே பயன்படுத்தியது. வேகத்தைக் குறைக்கக் கருவி இருந்தும் எடுக்காமல், பதினைந்து ஆண்டுகள் கழித்து, ஊர்கள் காலியான பிறகு, வரியை உயர்த்துவது காலம் கடந்த வைத்தியம்.

திறந்த சந்தையும் வலுவான அரசும் ஒன்றுக்கொன்று பகை என்ற எண்ணமும் தவறு. 1998-இல் ரோட்ரிக் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளின் தரவுகளை வைத்துக் காட்டியது: வெளி வணிகத்தை அதிகம் சார்ந்த நாடுகளில்தான் அரசின் செலவும் அதிகம். டென்மார்க்கில் ஆட்களை வேலையிலிருந்து நீக்குவது எளிது. ஆனால் வேலை இழந்தவர்களின் பயிற்சி, புது வேலை தேடல் ஆகியவற்றுக்கு அந்த நாடு தேசிய வருமானத்தில் ஏறத்தாழ 2 சதவீதம் செலவிட்டுவந்தது. அமெரிக்கா செலவிட்டது சுமார் 0.1 சதவீதம். அதனால் ஒரு வணிக ஒப்பந்தம் நல்லதா கெட்டதா என்று யாராவது என்னிடம் கேட்டால், எத்தனை சதவீதம் வரி குறைகிறது என்று நான் முதலில் பார்ப்பதில்லை. எத்தனை ஆண்டுகளில் குறைகிறது, இழப்பவர்களுக்கான தொகை அதே சட்டத்தில் ஒதுக்கப்பட்டிருக்கிறதா, அதை யாரிடம் வசூலிக்கப் போகிறார்கள் என்று பார்க்கிறேன். பெரும்பாலான ஒப்பந்தங்களில் முதல் கேள்விக்கு விரிவான அட்டவணை இருக்கும். மற்ற இரண்டைப் பற்றி ஒரு வரியும் இருப்பதில்லை.